மெட்ரோ மீட்டும் சுருதி

கேள்வி: ஹைதராபாத்தின் குகட்பள்ளி நிலையத்தில் மெட்ரோ ரயில் நிற்கப் போகும் சமயம், வீணைத் தந்தியை இழுத்துத் தளர்த்தினாற்போல் ஒரு சுருதி இறங்குகிறதே, அது என்ன?

பதில்: நல்ல சங்கீதக் காது உங்களுக்கு! 2017 நவம்பரில் மியாப்பூருக்கும் நாகோலுக்கும் இடையே 30 கிலோமீட்டர் தூரத்துக்குத் திறந்துவைக்கப்பட்ட இந்த மார்க்கத்தில், வண்டியானது வேகத்தைத் தணிக்கையில், சக்கரத்தை அழுத்தி வெறும் உஷ்ணமாக விரயம் செய்யாமல், தன்னை இதுவரை இழுத்து வந்த மோட்டாரையே ஜெனரேட்டராக்கி, 1831இல் மைக்கேல் பாரடே கண்ட தத்துவப்படி மின்சாரம் உற்பத்தி செய்து, தலைக்கு மேலுள்ள 25,000 வோல்ட் கம்பிக்கே திருப்பி அனுப்புகிறது. அம்மின்சாரத்தை நொடிக்குப் பல நூறு தடவை வெட்டி இணைக்கும் சாதனத்தின் துடிப்புதான் அந்தச் சுருதி. கம்பியைப் பற்றி நிற்கும் நம்மை முன்னே தள்ளுகிற அதே வேகம், அக்கணமே பாலாநகரில் புறப்படும் மற்றொரு வண்டிக்கு ஆகாரமாகலாம். வாங்கிய கடனில் ஒரு பங்கையேனும் நிறுத்தத்துக்கு நிறுத்தம், கேளாமலே திருப்பித் தரும் இத்தகைய உத்தமக் கடனாளியை நான் வேறெங்கும் கண்டதில்லை. கடைசிச் சில கஜங்களில் ஓசை சட்டென்று அடங்குகிறதல்லவா? அப்போதுதான் சாதாரண பிரேக் பொறுப்பேற்கிறது.