போயிட்டு வர்றேன்

1995-இல் விண்டோஸ் திரையின் இடது மூலையில் 'ஸ்டார்ட்' பொத்தான் குடியேறியது. கணினியை அணைக்கவும் அதைத்தான் அழுத்த வேண்டும். கிளம்பும்போது 'வர்றேன்' என்று சொல்லும் நமக்கு அது விசித்திரமாகப் படவில்லை.

2012-இல் விண்டோஸ் 8 அந்தப் பொத்தானைத் தூக்கிவிட்டு வண்ணக் கட்டங்களைப் பரப்பியது. அணைக்கும் வழியோ வலது ஓரத்தில் ஒளிந்துகொண்டது. மௌஸை மூலைக்கு ஓட்டினால்தான் தரிசனம். ஊரே புலம்பியதும், 2013-இல் பொத்தான் திரும்பியது, பழைய பட்டியல் இல்லாமல். வாசல் வந்தது, வீடு வரவில்லை. அது 2015-இல் வந்தது.

2021-இல் விண்டோஸ் 11 பொத்தானை நடுவுக்கு நகர்த்தியது. பழகிய கை இன்னும் இடது மூலைக்கே போகிறது, விழுந்த பல்லைத் தேடும் நாக்குபோல. அங்கே இப்போது வெயில் நிலவரம் காட்டுகிறார்கள்.