திருவாதிரை எரியவில்லை

அனுப்புநர்: மனுதாரர், கிழக்குக் கடற்கரைச் சாலை, கடல் பக்கம்.

பெறுநர்: உயர்திரு. தெருவிளக்குப் பொறுப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: திருவாதிரை நட்சத்திரம் எரியாதது – தொடர்பாக.

பார்வை: கூசுகிறது.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அலுவலகத்தின் வேகத்தைப் பார்த்து மனுதாரர் இன்னும் வாயடைத்துப் போய்த்தான் இருக்கிறார். கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு புகார் பதிந்தார். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் குழி தோண்டி, கம்பம் நட்டு, கான்கிரீட் கொட்டி, சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கும் போட்டாயிற்று. ஏற்கெனவே ஐந்து கம்பம் இருந்த தெருவில் இது ஆறாவது. மஞ்சள் பெயின்ட்டில் ‘6’ என்று எழுதி, அந்தப் பெயின்ட் காய்வதற்குள் கைபேசிக்குக் குறுஞ்செய்தியும் வந்துவிட்டது: தங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? மனுதாரர் மொட்டை மாடிக்குப் போய் எண்ணிப் பார்த்தார். நான்குதான் தேறியது.

இதில் ஒரே ஒரு சின்னச் சிக்கல். மனுதாரர் கொடுத்தது, வெளிச்சம் அதிகமாக இருக்கிறது என்ற புகார்.

தவறு அவருடையதுதான். தங்கள் புகார்ப் படிவத்தில் விளக்கு என்றால் நான்கு வியாதிதான் உண்டு: எரியவில்லை, விட்டுவிட்டு எரிகிறது, பகலிலும் எரிகிறது, கம்பம் சாய்ந்திருக்கிறது. ‘தேவைக்கு மேல் எரிகிறது’ என்றொரு வியாதியை அது கேள்விப்பட்டதே இல்லை. நான்கில் ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் திறக்காது. வேறு வழியில்லாமல் ‘எரியவில்லை’யைத் தொட்டுவிட்டு, குறிப்புப் பெட்டியில், ‘பக்கத்து பங்களா விளக்குகளால் வானத்தில் ஒன்றும் எரியவில்லை’ என்று எழுதினார். நடுவில் தாண்டிப் படித்தவருக்கு, பங்களா பக்கம் ஒன்றும் எரியவில்லை என்றுதான் தோன்றியிருக்கும். இருட்டில் தவிக்கும் ஒரு குடிமகனுக்காகத் தங்கள் துறை மூன்று நாள் தூங்காமல் உழைத்தது. நன்றி.

பங்களாக்களைப் பற்றித் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாங்கள் அங்கே விருந்துக்குப் போனதுண்டு. மனுதாரர் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே மூன்று பங்களா, ஒரு நட்சத்திர விடுதி. பங்களாக்காரர்கள் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வருவார்கள்; விளக்குகள் முப்பது நாளும் வரும். முதல் பங்களா கடலைப் பார்த்து எட்டு ஃபோகஸ் லைட் போட்டிருக்கிறது. அலை திருட்டுப் போய்விடும் என்ற பயமாக இருக்கலாம். இரண்டாவது, பதினான்கு தென்னைக்கும் அடி முதல் குருத்து வரை சீரியல் பல்பு சுற்றியிருக்கிறது. மூன்றாவதன் மதில், ஊதாவிலிருந்து பச்சைக்கும் பச்சையிலிருந்து சிவப்புக்கும் மாறிக்கொண்டே இருக்கும். ஆளே இல்லாத வீடு யாருக்காக நிறம் மாறுகிறது என்று கேட்கும் தகுதி மனுதாரருக்கு இல்லை. விடுதியில் முகூர்த்த நாள் என்றால் வானத்தைத் துழாவும் ஒளிக்கற்றை நான்கு. மாப்பிள்ளை தூங்கிய பிறகும் அவை எதையோ தேடிக்கொண்டிருக்கும். நட்சத்திரத்தைத்தான் தேடுகின்றனவோ என்னவோ. இந்தப் பக்கத்தில் இப்போது ஐந்து நட்சத்திரம் சேர்ந்தாற்போல் தெரிவது அந்த விடுதியின் பெயர்ப்பலகையில் மட்டும்தான்.

தங்கள் படிவத்தை மனுதாரர் முழு மனதோடு ஏற்றுக்கொண்டுவிட்டார். எரியாததைத்தானே கேட்கிறது? ஒவ்வொன்றாகச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தார். ‘கம்ப எண்’ என்ற கட்டத்தில் மட்டும் சற்றுத் தடுமாற்றம். ‘கடலுக்கு மேல், கிழக்கே, இரண்டு பனை உயரம்’ என்று எழுதினால், எண் மட்டும்தான் ஏற்போம் என்றது. நல்ல வேளையாக நம் முன்னோர் இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் வரிசை எண் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆகவே: கம்ப எண் 1, அசுவினி, எரியவில்லை. கம்ப எண் 2, பரணி, அடியோடு எரியவில்லை. கம்ப எண் 3, கார்த்திகை: ஆறு பல்பு கொண்ட கொத்து விளக்கு, சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சக் காலத்தில்கூட ஆறையும் எண்ண முடிந்தது, இப்போது துடைக்காத கண்ணாடியில் விரல் பட்ட மாதிரி ஓர் அழுக்கு. கம்ப எண் 4, ரோகிணி, விட்டுவிட்டு எரிகிறது. கம்ப எண் 5, மிருகசீரிடம், எரியவில்லை. கம்ப எண் 6, திருவாதிரை.

ஆறாவதில் மனுதாரருக்குச் சொந்த வருத்தம் உண்டு. அது அவர் பிறந்த நட்சத்திரம். சாதாரணமாக நகரத்து வெளிச்சத்துக்கெல்லாம் அசையாத நட்சத்திரம் அது. சென்னை நடுவில் நின்றாலும் சிவப்பாகத் தெரியும். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்து வந்த அந்த ஒளியை, கடைசி முப்பது அடியில் வழிமறித்த பெருமை தங்கள் ஆறாம் எண் கம்பத்தைச் சேரும். மார்கழி தொடக்கத்தில் இரவு எட்டு மணிக்கு அது எங்கே நிற்குமோ சரியாக அங்கேதான் தங்கள் விளக்கு நிற்கிறது. “உன் நட்சத்திரத்துக்கு நேரம் சரியில்லைன்னு ஜோசியர் சொன்னது இதைத்தாண்டா” என்கிறார் மனுதாரரின் அம்மா.

நியாயமாகச் சொன்னால், திருவாதிரை ஒரு முறை தானாகவே பழுதானதும் உண்டு. 2019 இறுதியில் மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியது. வெடிக்கப் போகிறதோ என்று உலகமே அண்ணாந்து பார்த்தது. அதுவே வெளியே கக்கிய வாயு தூசாகத் திரண்டு முகத்தை மறைத்திருக்கிறது என்று பிறகு ஆய்வாளர்கள் கண்டார்கள். யாரும் புகார் கொடுக்காமலே சில மாதங்களில் அது சரியாகிவிட்டது. தங்கள் விளக்கைப் பற்றி அப்படி நம்பிக்கை கொள்ள முடியவில்லை.

இந்த ஊர் வானம் எப்போதும் இப்படி இருந்ததில்லை, ஐயா. நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் வானாய்வகம் இருந்தது. அதன் கருங்கல் தூண், தமிழ் எழுத்துகளோடு, இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. 1861இல் அங்கே நார்மன் போக்சன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ‘ஆசியா’ என்றே பெயர். இந்தக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது. 1867இல் அதே ஆய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றைக் கண்டார். அது தெற்கு அடிவானத்திலிருந்து சுமார் 14 பாகைக்கு மேல் ஏறாத விண்மீன். இன்று நுங்கம்பாக்கத்தில் நின்று அந்த உயரத்தில் பார்த்தால் விளம்பரப் பலகையில் ஒரு நகைக்கடை தெரியலாம்.

வெளிச்சம் எப்படி வானத்தைக் கெடுக்கிறது என்று தங்கள் பொறியாளருக்குத் தெரியும்; மேலே போகும் ஒளி காற்றில் பட்டுச் சிதறித் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். நீலம் அதிகமாகச் சிதறும். பகல் வானம் நீலமாக இருப்பதும், வெள்ளை எல்.இ.டி. பழைய சோடியம் விளக்கைவிட வானத்தை அதிகம் வெளுப்பதும் ஒரே காரணத்தால். உப்பும் ஈரமுமான கடற்காற்று தன் பங்குக்கு உதவும். 2016இல் வெளியான உலக வரைபடம் ஒன்றின்படி, மனித குலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்குப் பால்வீதி தெரியாது. 2023இல் வந்த இன்னோர் ஆய்வு, சாதாரண மக்கள் பன்னிரண்டு ஆண்டுகள் எண்ணித் தந்த ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட கணக்குகளைக் கூட்டி, வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரி 9.6 சதவீதம் ஏறுகிறது என்றது. அதாவது, 250 நட்சத்திரம் தெரியும் ஊரில் இன்று பிறக்கும் குழந்தைக்குப் பதினெட்டு வயதில் 100 தெரியும். வாக்காளர் அட்டை வாங்கும் நாளில் அந்தப் பிள்ளை 150 ‘எரியவில்லை’ புகார் கொடுக்க வேண்டிவரும். தங்கள் துறைக்கு 150 கம்பம்.

குப்பத்துப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். “வெள்ளி பாத்து கட்டுமரம் ஓட்னதெல்லாம் எங்கப்பா காலம், தம்பி. எனக்கு ஜி.பி.எஸ். கீது. ஆனா கரைக்குத் திரும்பி வர்றப்போ எங்க குப்பம் எதுன்னு தெரியல. முன்ன கோயில் வெளக்கு ஒண்ணு தெரியும். இப்போ கரை முழுக்க கல்யாண வீடு.”

அவர் பேரன்தான் மனுதாரருக்குப் பங்குனி ஆமையைக் காட்டியவன். பெண் ஆமைகள் தை முதல் இந்த மணலில் ஏறி முட்டையிடும்; ஐம்பது நாள் போல ஆகும் பொரிக்க. 1988 முதல் சென்னைக் கரையில் மாணவர்கள் இரவு இரவாக நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பிய குழி ஒன்று, சென்ற பங்குனியில் முதல் பங்களாவுக்கு நேரே பொரித்தது. இயற்கையான இரவில் கரை கறுப்பு, கடலின் அடிவானம் வெளுப்பு. வெளிச்சம் இருக்கும் பக்கம் போ என்ற ஒரே ஒரு பாடத்தோடு குஞ்சு பிறக்கிறது.

விடியற்காலை மூன்று மணி. நாய்ச் சத்தம் கேட்டுப் போன மனுதாரர், மதிலோரம் எட்டு ஃபோகஸ் லைட்டின் கீழே அவற்றைப் பார்த்தார். தீப்பெட்டியைவிடச் சின்ன உடம்பு. சுவரில் முட்டி, சறுக்கி, மறுபடி முட்டிக்கொண்டிருந்தன. சிலவற்றின் கண்ணில் எறும்பு. நான்கைந்து, வாயிற்கதவின் இடுக்கு வழியாகச் சாலைக்கே போயிருந்தன. அங்கே ஏதோ வண்டி ஏறிவிட்டது. சட்டப்படி இந்த உயிருக்குப் புலிக்குச் சமமான அந்தஸ்து. 1972ஆம் ஆண்டுச் சட்டம், முதல் பட்டியல்.

இந்த இடத்தில் மனுதாரருக்கு ‘மதிப்பிற்குரிய’ வரவில்லை. அந்த வீட்டில் அன்றைக்கு ஒரு ஆள் இல்லை. ஒரு ஸ்விட்ச், அவ்வளவுதான் வேலை. அதை அணையுங்கள் என்று சொல்ல உங்களில் ஒருவருக்கும் வாய் வராது. ஸ்விட்ச் யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். அதே குப்பத்தில் பெண்கள் பொதுக் கழிப்பறைக்குப் போகும் சந்தில் பல்பு போய் நான்கு மாதம். அதுவும் ‘எரியவில்லை’ புகார்தான். சரியான கட்டத்தைத் தொட்டு, சரியான கம்ப எண் போட்டுக் கொடுத்த புகார். இன்னும் ‘பரிசீலனையில்’ இருக்கிறது. வெளிச்சம் வேண்டிய இடத்தில் இல்லை, வேண்டாத இடத்தில் கொட்டிக் கிடக்கிறது. இது உங்களுக்குத் தெரியாமல் நடக்கவில்லை.

மன்னிக்கவும். மனுதாரர் ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டு தொடர்கிறார்.

இருட்டைக் கையாளத் தெரியாத பிற ஊர்களின் பரிதாபத்தைத் தாங்கள் அறிய வேண்டும். அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம், வானத்தில் விளம்பர ஒளிக்கற்றை அடிப்பதை 1958லேயே தடைசெய்து முன்னேற்றத்தை இழந்தது. ஃபுளோரிடாவின் பல கடலோர ஊர்களில், ஆமை முட்டையிடும் பருவத்தில் கரைக்குத் தெரியும்படி வீட்டு விளக்கு போட்டால் அபராதம். பிரான்ஸில் இரவு ஒரு மணிக்கு மேல் கடைக் கண்ணாடி விளக்குகளை அணைத்தாக வேண்டும். இவ்வளவு ஏன், நம் லடாக்கில் ஹன்லே வானாய்வகத்தைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டரை 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அங்குள்ளவர்கள் ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டு, விளக்குக்குத் தொப்பி மாட்டி, சுற்றுலா வருகிறவர்களிடம் இருட்டைக் காட்டிக் காசு பார்க்கிறார்கள். தொப்பி என்றால் தகர மூடிதான். வெளிச்சம் தரைக்கு மட்டும் விழும். வெள்ளை பல்புக்கு மஞ்சள் பல்பு, பத்து மணிக்கு அணைய ஒரு டைமர். இவற்றின் மொத்தச் செலவு, அந்தத் தென்னைகளில் ஒன்றுக்குச் சுற்றிய சீரியல் பல்பின் செலவுக்குள் அடங்கும்.

மனுதாரரின் கோரிக்கை பெரிதல்ல. கம்பத்தைப் பிடுங்கச் சொல்லவில்லை. பங்களாக்காரர்களின் மனம் நோகச் சொல்லவில்லை. படிவத்தில் ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்தால் போதும்: ‘தேவைக்கு மேல் எரிகிறது.’ ஐந்து ஆகிவிட்டால் நட்சத்திர அந்தஸ்தும் தானே வந்துவிடும்.

ஆறாம் எண் புகாரின் மீது தாங்கள் எடுத்த நடவடிக்கைக்கு நன்றி சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. போன புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு ஏணியோடு லைன்மேன் வந்தார். புதுக் கம்பத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

“எரியுதே சார். எது எரியல?”

மனுதாரர் கம்பத்துக்குப் பின்னால் கையைக் காட்டினார். லைன்மேனுக்கு விளங்கவில்லை. எதற்கும் பார்த்துவிடலாம் என்று பெட்டியைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கினார். ஆறாம் கம்பம் அணைந்தது. கண் பழக ஒரு நிமிடம் ஆயிற்று. பங்களாக்களின் சிவப்பும் பச்சையும் அப்படியேதான் இருந்தன. ஆனாலும் தென்னைக்கு மேலே, சரியாக இரண்டு பனை உயரத்தில், சிவப்பாக ஒன்று நின்றது. லைன்மேனும் அண்ணாந்து பார்த்தார்.

“அதுவா சார்? நமக்கு ஆலங்காயம் பக்கம். காவலூர் டெலஸ்கோப் மலைக்குக் கீழ. அங்க எல்லாமே எரியும்.”

இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவர் ஃபியூஸைச் செருகினார். தெரு வெளுத்தது.

“இப்போ எரியுதா சார்?”

“எரியுது.”

“அப்போ இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.”

போட்டார். அவர் ஏணியை மடிப்பதற்குள் குறுஞ்செய்தி வந்துவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
மனுதாரர்
(கம்ப எண் 6 எதிரில்)