படம் இருக்க ரத்தம் எதற்கு?

கேள்வி: பெட் ஸ்கேன் மூளையைப் படம்பிடித்துவிடும்போது, சில ஆய்வுகளில் மணிக்கட்டுத் தமனியிலிருந்து அடுத்தடுத்து ரத்தம் எடுப்பது ஏன்?

பதில்: சேமிப்பை மட்டும் பார்த்து, வரவு தெரியாமல் ஒரு குடும்பத்தின் சிக்கனத்தை எடைபோட முடியாது. எஃப்டிஜி என்னும் கதிரியக்கச் சர்க்கரை மூளையில் எவ்வளவு தங்கியது என்பதைப் படம் காட்டினாலும், நேரத்துக்கு நேரம் ரத்தம் அதை எவ்வளவு கொண்டுவந்தது என்று தெரிந்தால்தான் திசு சர்க்கரையைப் பயன்படுத்தும் வேகத்தைத் துல்லியமாகக் கணக்கிட முடியும். ஊசி போட்ட சிறிது நேரத்திலேயே தமனி ரத்தத்தின் கதிரியக்கம் உச்சம் தொட்டுச் சரிவதால், தொடக்கத்தில் சில விநாடிகளுக்கு ஒருமுறையும் பின்னர் நிமிடக்கணக்கில் இடைவெளி விட்டும் மாதிரி எடுத்து, சுழற்றிப் பிரித்த பிளாஸ்மாவைக் காமா எண்ணியில் அளந்து, எஃப்டிஜியில் உள்ள கதிரியக்க அணுவான ஃப்ளூரின்-18 ஏறத்தாழ 110 நிமிடங்களில் பாதியாகத் தேய்வதையும் ஈடுகட்டுகிறார்கள். ஸ்கேனரும் எண்ணியும் ஒரே அளவுகோலுக்குப் பொருத்தப்படாவிட்டால் இத்தனை உழைப்பும் வீண். வழக்கமான புற்றுநோய் ஸ்கேனுக்கு இந்தத் தமனிக் குத்தல் தேவையில்லை.