பெயர்ப்பலகையை வாசிப்பவர் யார்? ஓர் ஆராய்ச்சி

பெயர்ப்பலகை யாதோவெனின், கடைக்கு மேலே நின்று, கடைக்குள் கிடைப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்வது. பல மாலைகள் டீக்கடை பெஞ்சில் அமர்ந்து எதிர்வரிசையை உற்றுநோக்கி அடியேன் கண்ட வரையறை இது. எந்தப் பல்கலைக்கழகமும் நிதி தரவில்லை. டீக்காசு கைக்காசு. ஆகவே முடிவுகள் நடுநிலையானவை.

1. காலக்கணிப்பு

கல்வெட்டாய்வாளர்கள் எழுத்தின் வடிவை வைத்துக் காலம் சொல்வார்கள். நமக்கும் அந்த வசதி உண்டு. 1978-ல் எம்.ஜி.ஆர். அரசின் எழுத்துச் சீர்திருத்த ஆணையால் 'லை', 'னை' போன்றவற்றில் தும்பிக்கைபோல் வளைந்த பழைய வடிவம் போயிற்று. ஒரு பலகையில் தும்பிக்கை தென்பட்டால் பலகை பழசு, அல்லது எழுதிய ஆர்டிஸ்ட் பழசு. எனாமல் பெயிண்டில் ஷேடு விழுந்து, மூலையில் ஏதோ 'ஆர்ட்ஸ்' என்று கையொப்பமும் இருந்தால் அது பிளெக்ஸுக்கு முந்திய யுகம். முதலாளியின் தகப்பனார், பேரக்குழந்தை, ரோஜாப்பூ எல்லாம் இருந்து எழுத்தைத் தேட வேண்டியிருந்தால் அது பிளெக்ஸ் யுகம்.

2. அளவியல்

பலகைத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: எழுத்தின் உயரம் 1 அங்குலமானால் 10 அடி தூரத்திலிருந்து சிரமமின்றிப் படிக்கலாம். நான் பார்த்த ஒரு கடையில் முதலாளியின் பெயர் 1 அடி உயரம். 120 அடிக்கு அப்பாலும் அவர் புகழ் தெரிந்தது. 'இங்கு குக்கர் ரிப்பேர் செய்யப்படும்' என்பது அரை அங்குலம். அதைப் படிக்க 5 அடிக்குள் வரவேண்டும். அதற்குள் குக்கரோடு கடைப்படியே ஏறியாகிவிடும்.

அரசும் ஒரு விகிதம் வைத்திருக்கிறது: தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2. 'சூப்பர் சாய்ஸ் மொபைல் ஆக்சஸரீஸ்' என்று தமிழெழுத்தில் பெரிதாக எழுதி வணிகர்கள் அந்த ஐந்தையும் நிறைவேற்றிவிடுகிறார்கள்.

3. வாசகர் வகை

பலகையின் வாசகர் நால்வர். முதலாமவர் கடவுள்: உச்சியில் பிள்ளையார் சுழியும் 'முருகன் துணை'யும் அவருக்கு. இரண்டாமவர் பக்கத்துக் கடைக்காரர்: 'ஒரிஜினல்', 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை', 'போலிகளைக் கண்டு ஏமாறாதீர்' மூன்றும் அவரை நோக்கியவை. அவர் மறுநாளே 'பழைய ஒரிஜினல்' என்று பதில் எழுதுவார். மூன்றாமவர் சொந்தக்காரர்: முன்பின் தெரியாதவன் கடன் கேட்பதில்லை என்பதால், 'கடன் அன்பை முறிக்கும்' அவருக்கே உரியது. நான்காமவர் வாடிக்கையாளர். மேற்படி மூவருக்கும் போக மிஞ்சிய இடம் அவருக்கு.

4. விதிவிலக்குகள்

சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும் கார் நொடிக்குச் சுமார் 73 அடி கடக்கிறது. 1 அடி எழுத்தைப் படிக்க இரண்டு நொடிகூடக் கிடைக்காது. அங்கே 'கும்பகோணம் டிகிரி காபி' என்ற மூன்று சொல்லும் ஒரு பித்தளை டபரா செட்டும் வண்டியை ஓரங்கட்ட வைத்துவிடுகின்றன. அந்தச் சாலையில் கும்பகோணமே இல்லை என்பது வேறு விஷயம். பலகையின் வேலை பூகோளம் கற்பிப்பதன்று.

திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடையோ பலகையே இல்லாமல் பேர் வாங்கியது. மங்கிய விளக்கு பெயரைக் கொடுத்தது, அல்வா கூட்டத்தைக் கொடுத்தது. அப்படி அல்வா கிண்டத் தெரிந்தவர்கள் இக்கட்டுரையை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

5. முடிபு

மற்றவர்கள் பலகைக்கு ஆர்டர் கொடுக்குமுன் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நில்லுங்கள். என்ன விற்கிறீர்களோ அது அங்கிருந்து படிக்கிற அளவில் இருக்கட்டும். உங்கள் பெயர் அதற்குக் கீழே வரட்டும். சாமிக்குக் கல்லாவுக்கு மேலே படம் இருக்கிறது. சொந்தக்காரருக்கு வாயால் சொல்லிக்கொள்ளலாம். பக்கத்துக் கடைக்காரருக்கு ஒன்றும் எழுத வேண்டாம், பலகை மாட்ட ஏணி வந்தபோதே அவர் வெளியே வந்து பார்த்துவிட்டார்.