ஆறுதல் சொல்லக் கிளம்பும் பிரதர், சிஸ்டர்களுக்கு ஆறு ஆலோசனைகள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துச் சபைகளில் யாருக்காவது கஷ்டம் என்றால், ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு நாலு பேர் வண்டியை எடுத்துவிடுவோம். வெறுங்கையோடு போனாலும் பரவாயில்லை. வெறும் வாயோடு போகக் கூடாது. துன்பத்தின் அர்த்தத்தை ஒரே மாலையில் விளக்கி முடிக்கும் வழிகள் இதோ:

1. உட்காரும் முன்பே பேசுங்கள். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற நண்பர்கள் மூவரும் ஏழு நாள் வாய் திறக்காமல் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நமக்கு ஏது நேரம்? ஏழரைக்கு அடுத்த வீட்டில் ஜெபக்கூட்டம். சாத்துக்குடிப் பையைக் கீழே வைக்கும்போதே ரோமர் 8:28-ஐ எடுத்துவிடவும்.

2. பாவத்தைத் தோண்டுங்கள். "அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்காம்மா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கவும். பிறவிக் குருடனைக் காட்டிச் சீஷர்கள் கேட்டதும் இதைத்தான். யார் பாவமும் காரணமில்லை என்று இயேசு சொல்லிவிட்டதால், யோவான் 9-ஆம் அதிகாரத்தை அன்றைக்குத் திறக்க வேண்டாம்.

3. கம்பெனியை இழுக்காதீர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ்ஸில் இரண்டு விரலை விட்ட தம்பி, கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்திருப்பான். சென்சார் வேலை செய்ததா, ஈ.எஸ்.ஐ. கட்டினார்களா, காண்ட்ராக்டர் எட்டிப் பார்த்தாரா என்றெல்லாம் கேட்டால் பேச்சு பூமிக்கு இறங்கிவிடும். "கர்த்தர் உன்னைப் புடமிடுகிறார்" என்றால் யாருக்கும் செலவில்லை.

4. பெரிய விபத்து என்றால் வானத்தைக் காட்டுங்கள். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் கட்டட வேலைக்கு வந்தவர்கள். மின்னல்தான் காரணம் என்று பேச்சு கிளம்பியது. விசாரணையில் வெளிவந்ததோ கட்டுமானக் குறைகள். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் இல்லை, மனந்திரும்ப வேண்டியது நீங்கள் என்று, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கமே இயேசு பேச்சைத் திருப்பிவிட்டார். லூக்கா 13-ம் ஆபத்தான அதிகாரம்.

5. அழவிடாதீர்கள். "விசுவாசிக்கு ஏன் கண்ணீர்?" என்று அதட்டவும். சற்று நேரத்தில் உயிரோடு எழுப்பப்போகும் லாசருவுக்காக இயேசுவே அழுதாரே என்று யாராவது கேட்டால், காபி கேளுங்கள்.

6. சாட்சிக்குத் தேதி குறியுங்கள். கீமோ முடிவதற்குள் "அடுத்த மாசம் மேடையில் சாட்சி சொல்லணும் சிஸ்டர்" என்று சொல்லிவைக்கவும். மூன்று முறை வேண்டியும் முள் நீங்காத பவுலுக்கு நம் சபையில் மைக் கிடைத்திருக்காது.

பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தர் கஞ்சியைக் கொடுத்துவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி வரிசையில் போய் நிற்பார். ஒரு வசனமும் சொல்லாததால் அவரை ஊழியக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

எச்சரிக்கை: கஷ்டத்தில் இருப்பவர் யோபுவின் புத்தகத்தைக் கடைசி அதிகாரம் வரை வாசித்தவராக இருந்தால் சிக்கல். கடவுளுக்குக் கோபம் வந்தது நண்பர்கள் சும்மா உட்கார்ந்ததற்கு அல்ல, பேசியதற்கு. ஏழு காளையும் ஏழு ஆட்டுக்கடாவும் பலியிட்டு, யோபுவையே ஜெபிக்கச் சொல்லித்தான் அவர்கள் தப்பினார்கள். ஆட்டுக்கடா என்ன விலை என்று விசாரித்துவிட்டு வாயைத் திறப்பது உத்தமம்.