ஆய்வுக்கேற்ற ஊர்

நீரியலில் பிஎச்.டி. செய்ய நம் பிள்ளைகள் ஏன் டெல்ஃப்ட், சூரிச் என்று விண்ணப்பம் போடுகிறார்களோ! அங்கே வெள்ளம் பார்க்க ஆய்வுக்கூடத் தொட்டியில் தண்ணீர் திறந்துவிட வேண்டும். சென்னையில் அந்தச் சிரமமே இல்லை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் அடையாறு வழியாக வீட்டுக்குள்ளேயே வந்தது. 2019 கோடையில் அதே ஏரி வெடித்துக் கிடந்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. வெள்ளத்தில் சேர்ந்தவர் வறட்சியில் வைவாவை முடித்திருக்கலாம்.

கள ஆய்வுக்குப் பள்ளிக்கரணை. 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் ஏறிய சதுப்பு நிலம். ஓரத்திலேயே பெருங்குடிக் குப்பைமேடு, சுற்றிலும் அடுக்குமாடிகள். ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டால் மூன்று துறைக்குத் தலைப்பு தேறும்.

ஆய்வு மாணவருக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். எந்த மாதம் என்று மட்டும் கேட்கக்கூடாது.

ஆய்வாளர் நிலத்தடி நீர்மட்டத்துக்கு மாடல் ஓட்டிக்கொண்டிருப்பார். வாசலில் லாரிக்காரர் ஹோஸைச் சுருட்டியபடி, "நாளைக்கு லோடு கிடையாது தம்பி, கிணறு இறங்கிப்போச்சு" என்பார். ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் வராது.