இப்போ எத்தனையாவது வாரம்?

கர்ப்பமே ஆகாமல் ஒரு பெண் இரண்டு வாரக் கர்ப்பிணியாக இருக்க முடியும். மருத்துவக் கணக்கு அப்படி. கரு உண்டான நாள் யாருக்கும் துல்லியமாகத் தெரியாது என்பதால், கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்தே எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். அன்றைக்கு நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா "ஆறு வாரம்" என்றதும் என் கணவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆறு வாரத்துக்கு முன்னால் அவர் ஆபீஸ் ஆடிட்டுக்காக ஹைதராபாத்தில் இருந்தார். "முதல் ரெண்டு வாரம் சும்மா கணக்குக்குத்தாங்க" என்று டாக்டரம்மா விளக்கிய பிறகுதான் மனிதருக்கு மூச்சு வந்தது.

டாக்டரம்மா மேஜையில் டானிக் கம்பெனிக்காரர் கொடுத்த அட்டைச் சக்கரம் ஒன்று இருந்தது. பெரிய வட்டத்தின் மேல் சின்ன வட்டம், நடுவில் ஒரு ரிவெட், ஓரமெல்லாம் கைபட்ட அழுக்கு. அம்புக்குறியை ஜூன் 10-ல் வைத்துத் திருப்பினார். நாற்பதாவது வாரம், அதாவது 280-வது நாள், மார்ச் 17-ல் நின்றது. சக்கரம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ஜூன் 10-லிருந்து மூன்று மாதத்தைக் கழித்து, ஏழு நாளைக் கூட்டினால் அதே தேதிதான். நேகலே என்ற ஜெர்மன் மருத்துவர் பெயரால் வழங்கும் சூத்திரம் இது. எல்லாப் பெண்ணுக்கும் மாதவிலக்கு 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வரும் என்ற நம்பிக்கையில் போட்டது. என் உடம்புக்கு அந்த ஜெர்மன் ஒழுங்கு என்றைக்குமே இருந்ததில்லை.

பிறகு ஸ்கேன். தலையிலிருந்து பிட்டம் வரை பிள்ளையை அளந்து, மார்ச் 21 என்றார்கள். நாலு நாள் வித்தியாசத்துக்கெல்லாம் தேதியை மாற்ற மாட்டார்களாம்.

என் மாமியாருக்குச் சக்கரமும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். "வைகாசியில குளிச்சே, ஆனியில குளிக்கல. ஆனி ஒண்ணு, ஆடி ரெண்டு..." விரல் மடக்கிக்கொண்டே போய், "பங்குனி பத்து" என்று முடித்தார். வளைகாப்புக்கு ஏழாம் மாதம் பார்த்தால் மார்கழி, ஆகாது. தை எட்டு, இரட்டைப்படை, அதுவும் ஆகாது. ஆகவே மாசியில், டாக்டர் கணக்கில் முப்பத்தாறு வாரம் முடிந்த வயிற்றோடு, கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்தேன். எழுப்பிவிட மூன்று பேர் வந்தார்கள்.

மார்ச் 17 காலை ஆறு மணிக்கே போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. "என்னம்மா, இன்னும் ஒண்ணும் இல்லையா?" ரயில் லேட்டானால் ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்கிற அதே குரல். குறித்த தேதியில் பிறக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு ஐந்து இருந்தால் அதிகம் என்று சொன்னால் யார் காதில் ஏறுகிறது? என் மகள் 25-ம் தேதி வந்தாள். பங்குனிதான்.

ஆகவே தாய்மார்களே, உறவுக்காரர்கள் யார் கேட்டாலும் தேதி சொல்லாதீர்கள். தமிழ் மாதத்தை மட்டும் சொல்லுங்கள். முழுசாக முப்பது நாள் கையில் இருக்கும்.